எலைட் விளையாட்டில் நிலையத்துக்குள் கப்பலைச் செலுத்துவது எப்படி?

பாலக்கோட்டு மாணவர்:
அனைவருக்கும் வணக்கம். பிபிசி மைக்ரோ கணினிக்காக 1984 இல் வெளிவந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டை, பழைய கணினியைப் போலச் செயல்படும் எமுலேட்டர் மென்பொருளில் ஒரு மாதமாக ஆடி வருகிறேன். லேவ் கோளின் விண்வெளி நிலையத்திலிருந்து 100 கிரெடிட்டுடன் (விளையாட்டில் புழங்கும் பணம்) புறப்பட்டு, கொள்ளையரின் கப்பல்களைச் சமாளித்து அடுத்த கோளை அடைந்தாலும், சுழலும் நிலையத்தின் குறுகிய வாயிலில் மோதிச் சிதறிவிடுகிறேன். நேற்றிரவு மட்டும் 11 முறை தோற்றேன். வழி கூறுங்கள்.

கிருஷ்ணகிரி ஆசிரியர்:
தம்பி, நிலையத்தின் வாயில் எப்போதும் கோளை நோக்கியே இருக்கும். ஆகவே நிலையத்தைக் கண்டவுடன் பாய்ந்துவிடாமல், அதற்கும் கோளுக்கும் இடையே சென்று, போதிய தொலைவு விலகியபின் திரும்பி, வாயில் திரையின் நடுவில் அசையாமல் நிற்கும்வரை பொறுமையாக நேர்படுத்துங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, வாயிலின் நீளப்பக்கம் கிடைமட்டமாகவே தெரியும்படி, அதன் சுழற்சியோடு கப்பலையும் உருட்டிக்கொண்டே நுழையுங்கள். வெறும் 32 கேபி நினைவகத்தில் 8 விண்மீன் திரள்களையும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் கணக்கீட்டின் மூலமே உருவாக்கிய அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஓசூர் வாசகர்:
1,500 கிரெடிட் சேர்ந்தால், கப்பலைத் தானாகவே நிலையத்துக்குள் செலுத்தும் டாக்கிங் கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆனாலும் கையால் நுழையப் பழகிய பின்பு வாங்குவதே நல்லது. நிலையத்தின் மீது தவறியும் சுடாதீர்கள். சுட்டால் காவல் கப்பல்கள் வெளிவந்து உங்களைத் தாக்கும்.

பாலக்கோட்டு மாணவர்:
ஐயா கூறியபடி கோளின் பக்கமிருந்து வந்தேன். மூன்றாம் முயற்சியில் கப்பல் உள்ளே நுழைந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.