12 பழைய வண்டிகள், கோவை–ஊட்டி–கோவை: எந்த வழியில் ஏறுவது, எப்படி இறங்குவது?

நாலுகியர்:

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி இரண்டாவது வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை பழைய வண்டிகளோடு நீலகிரி போகத் திட்டம். மொத்தம் 12 வண்டி: அம்பாசிடர் 4 (மார்க் 2 இரண்டு, மார்க் 3 இரண்டு), பத்மினி 4, ஸ்டாண்டர்டு ஹெரால்டு 2, பீட்டில் 1, மகிந்திரா ஜீப் 1. எல்லாம் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது), எல்லாம் பெட்ரோல்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது இது: வெள்ளி காலை 8 மணிக்குக் கோவையில் கிளம்பி, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி. சனிக்கிழமை கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கி, கூடலூர் சுற்றி ஊட்டிக்குத் திரும்புவது. ஞாயிறு கோத்தகிரி வழியாக இறக்கம். பாதை சரியா? ஏற்றத்தில் சூடாவதுதான் என் முதல் கவலை. மேலே போனதும் கார்புரேட்டரை மாற்றி வைக்க வேண்டுமா? 12 வண்டியும் ஒன்றாகப் போகலாமா? காகித வேலை என்னென்ன?

டிரம்லைனிங்:

முதலில் கல்லட்டியை எடுத்துவிடுங்க. அந்த மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர்ப் பதிவு வண்டியை ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதில்லை. விட்டாலும் டிரம் பிரேக் வண்டிக்கு அது வழியே இல்லை. சனிக்கிழமைக்கு ஊட்டியிலிருந்து பைக்காரா போய்த் திரும்புங்க. போக 20 கிலோமீட்டர் சொச்சம், புல்வெளி மேடுகளும் சோலைக் காடுமாகப் போகும் பாதை. பழைய வண்டி ஓட்ட இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லைங்க. பைக்காராவோடு திரும்பிடணும், நடுவட்டம் தாண்டிக் கூடலூர் இறக்கத்துக்குப் போக வேண்டாம்.

ஏற்றத்தில் சூடாவது கவலை என்கிறீங்க. ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓரம் கட்டி ஆறவிட்டுப் போகலாம், அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் போனால் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சுமார். வண்டி எடை முழுவதும் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வரும்போது அந்தச் சக்தி எங்காவது வெப்பமாகப் போயாகணும். இன்ஜின் பிடித்து நிறுத்தாததை எல்லாம் நாலு டிரம்தான் வாங்கிக்கும்.

கிளம்ப இரண்டு வாரம் முன்னாடி நாலு டிரம்மையும் கழற்றிப் பாருங்க. லைனிங் (டிரம்மில் உரசுகிற பட்டை) அதன் ரிவெட் தலைக்கு மேலே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கணும். தலையைத் தொடப் போகிற மாதிரி இருந்தால் புது லைனிங். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்க, உள்ளே ஈரம் இருந்தால் மாற்றியே ஆகணும். அம்பாசிடர், பத்மினி இரண்டிலும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் சேர்ந்து போகும்.

பிரேக் ஆயிலை டாப்-அப் செய்தால் போதாது, முழுசாக இறக்கிப் புதுசு ஊற்றுங்க. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழசுக்கான தர அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. மினரல் ஆயில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, ரப்பர் ஊதிப் போயிடும்.

இறங்கும்போது இரண்டு விதமாகப் பிரேக் போகும். இரண்டையும் காலாலேயே அடையாளம் தெரிஞ்சுக்கணும். பெடல் கல்லு மாதிரி நிற்குது, வண்டி மட்டும் நிற்கலை என்றால் லைனிங் சூடேறி வழுக்குது. கியரைக் குறைத்து ஓரம் கட்டி 20 நிமிடம் ஆறவிட்டால் திரும்ப வரும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கு. அப்போது பெடலை வேகமாகப் பம்ப் பண்ணி, கிடைக்கிற அழுத்தத்தில் நிறுத்திடணும். ஆறிய பிறகு பெடல் சரியான மாதிரி இருந்தாலும் அந்த ஆயிலை மாற்றாமல் மேற்கொண்டு இறங்கக் கூடாது. டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகுவதால் பெடல் கொஞ்சம் கீழே போவது வேற விஷயம். அது எல்லா டிரம் வண்டியிலும் நடக்கும், பதற வேண்டாம்.

ஓட்டும் முறை: இறக்கம் தொடங்கும் முன்னாடியே இரண்டாவது கியர், மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். பிரேக்கை அழுத்தமாக 2 வினாடி பிடித்து விடணும், காலை மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. இந்த வண்டிகளில் பெரும்பாலானதில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓட்டத்திலேயே கியர் பல்களின் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது. வளைவுக்குள் போன பிறகு முதலாவதைத் தேடினால் பல் கடிக்கும், கியர் விழாது, வண்டி நியூட்ரலில் ஓடும். கொண்டை ஊசிக்கு முன்னாடி கிட்டத்தட்ட நிறுத்தி முதல் கியர் போடுங்க. இல்லையென்றால் டபுள் கிளட்ச் (நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர் போடுவது) பண்ணத் தெரியணும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைங்க.

ஹெரால்டு இரண்டுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பின்சக்கரம் ஸ்விங் ஆக்சில், அதாவது வண்டியின் பின்பக்கம் எழும்பினால் சக்கரமும் சாயும் அமைப்பு. வளைவுக்கு நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ பின்சக்கரம் உள்மடங்கி வால் வெளியே போகும். வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும். பின் டயரில் காற்று, முன் டயரைவிடக் கூடுதலாக இருக்கணும்.

எஸ்யூஊசி:

பிரேக் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. நான் சூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் இறங்கும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் கவலை இல்லை. 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி ஏறத்தாழ 12 டிகிரி கூட்டிக் கொடுக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்த 12 டிகிரி இல்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட் வண்டி அப்போது விளிம்பில்தான் ஓடுகிறது. மலிவான பாகம், காற்றால் குளிரும் பீட்டில் தவிர மற்ற 11 வண்டிக்கும் புதிதாக வாங்கிவிடலாம், ஆனால் அந்தந்த வண்டிக்கு உரிய பவுண்டு அளவில். கூடுதல் பவுண்டு போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுப்போகும்.

கார்புரேட்டரைக் கோவையிலேயே 'மலைக்காக' மெலிதாக்கி (கலவையில் பெட்ரோலைக் குறைத்து) வைக்காதீர்கள். இதுதான் பலரும் செய்யும் தவறு. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கலவை சுமார் 10 சதவீதம் கெட்டியாகும் என்பது உண்மை. ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அதுவே கலவையை 7 சதவீதம் போல மெலிதாக்கிவிடும். மேலே போனால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். கீழே மேட்டுப்பாளையத்து வெயிலில், முழு ஆக்சிலரேட்டரில், கல்லாறு தாண்டி ஏறும்போது மெலிந்த கலவைதான் மிஞ்சும். அதிகம் சூடாவதும் அப்போதுதான். ஏற்கனவே மெலிந்ததை இன்னும் மெலிதாக்கினால் டப்டப் என்று தட்டும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஊட்டியில் ஐடில் ஒழுங்காக நிற்கவில்லை என்றால் ஐடில் கலவைத் திருகை மட்டும் கால் சுற்று தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்யூ கார்புரேட்டராக இருந்தால் ஜெட் நட்டை அதன் ஆறு பக்கத்தில் ஒரு பக்க அளவு மேலே திருப்புங்கள். திருப்பியதைக் குறித்து வைத்து, இறங்குவதற்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சக்தி குறைவது இயல்பு, கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

எத்தனாலுக்கு இன்னொரு வேலை உண்டு. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது தின்றுவிடும். உட்புறம் உரிந்து வரும் துகள் ஃப்ளோட் ஊசியில் சிக்கி, கார்புரேட்டர் வழிந்து, சூடான மேனிஃபோல்டில் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாஃப்ரம், ஒரு ஃபில்டர், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தீயணைப்பான். தீயணைப்பானை டிக்கியில் வைக்காமல் டிரைவர் சீட்டுப் பக்கம் வையுங்கள்.

வேப்பர் லாக் (பெட்ரோல் சூட்டில் குழாயிலேயே ஆவியாகி அடைப்பது) பெரும்பாலும் ஓட்டத்தில் வராது, டீ குடிக்க நிறுத்தி 10 நிமிடம் கழித்துக் கிளம்பும்போது வரும். காற்றோட்டம் நின்றதும் இன்ஜின் சூடெல்லாம் பம்புக்கு ஏறும். நிறுத்தியவுடன் பானட்டைத் திறந்து வையுங்கள். பம்பின் மேல் ஈரத் துணி சுற்றிவிட்டால் 5 நிமிடத்தில் சரியாகும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டி ஓடினால் விலக்கிக் கட்டுங்கள்.

பொதுப் பெட்டியில்: பாயிண்ட் செட், கண்டென்சர், காயில், ரோட்டர், ஒவ்வொரு மாடலுக்கும் ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் ஒன்று, பிரேக் ஆயில் 2 லிட்டர், ஃபீலர் கேஜ். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மில்லிமீட்டர். பீட்டிலுக்கு மட்டும் பெல்ட் இரண்டு. அந்த வண்டியில் பெல்ட் அறுந்தால் குளிர்விக்கும் விசிறியே நின்றுவிடும், 1 கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

கடைசிவண்டி:

8 மணிக்குக் கிளம்பினால் குன்னூர் பாதை வேண்டாம். பேருந்து, சுற்றுலா வேனுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து 14 கொண்டை ஊசி ஏறுவதுதான் ரேடியேட்டரைக் கொதிக்க வைக்கும். காலை 6 மணிக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்ட முடிந்தால் குன்னூர் வழி, முடியாவிட்டால் ஏறவும் கோத்தகிரிதான். போன வழியே திரும்புவது அலுப்பு என்று நினைக்க வேண்டாம், ஏறும்போது பார்க்காத பள்ளத்தாக்கு இறங்கும்போது தெரியும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழி ஆக்குவார்கள். பிப்ரவரியில் அந்தத் தொல்லை இல்லை. மழையும் இருக்காது, நல்ல மாதம் பார்த்திருக்கிறீர்கள்.

12 வண்டியை ஒரே வரிசையாக ஓட்டக் கூடாது. பின்னால் வரும் பேருந்து முந்த முடியாமல் ஹாரன் அடிக்க, பதற்றத்தில் யாராவது தப்பான இடத்தில் ஒதுங்குவார். நான்கு நான்காக 3 குழு, நடுவில் 10 நிமிட இடைவெளி. ஒவ்வொரு குழுவிலும் மெதுவான வண்டிதான் முதலில். ஜீப் எல்லாருக்கும் கடைசி, கருவிப் பெட்டியும் கயிறும் அதில். கயிறு, வண்டியை ஓரம் நகர்த்த மட்டும். கயிற்றில் கட்டி மலை இறக்குவது கூடவே கூடாது, அதற்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாட்பெட் லாரிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம், இறங்குபவர் நின்று வழி விட வேண்டும்.

காகிதம்: 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்துவிட்டது. வண்டி ஒவ்வொன்றுக்கும் தனி. டி.என். 43 (நீலகிரி) பதிவுக்குத் தேவையில்லை. குன்னூர் பாதையில் கல்லாறு, கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். கிளம்பும் வாரத்தில் நடப்பு விதியைப் பார்த்து எடுத்துவிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். 12 பேரிடமும் தேதியைக் கேளுங்கள், ஒருவராவது மாட்டுவார். 50 ஆண்டு தாண்டி, 2021 விதிப்படி 'வி.ஏ.' எண் வாங்கிய விண்டேஜ் வண்டி இருந்தால் அதை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ரேலி போன்றவற்றுக்குத்தான். அதனால் இதை முறையான ரேலியாக அறிவித்து, பாதையும் தேதியும் போட்ட கடிதத்தை அந்த வண்டியில் வையுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. குடிக்க எவர்சில்வர் பாட்டில், ரேடியேட்டருக்குத் தகர கேன்.

நாலுகியர்:

எல்லாருக்கும் நன்றி. கல்லட்டி போச்சு, பைக்காரா உறுதி. கோவையில் 4.45 மணிக்குக் கிளம்பி 6-க்குள் மேட்டுப்பாளையம் தாண்டுகிறோம், தவறினால் கோத்தகிரி. இறக்கத்தில் மூன்று இடத்தில் 15 நிமிட நிறுத்தம் போட்டுவிட்டேன். தங்கும் விடுதியின் வாசல் நல்ல சரிவு. இரவு ஹேண்ட் பிரேக் போதுமா? காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா?

டிரம்லைனிங்:

சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக் இழுத்து விடாதீங்க, ஆறிச் சுருங்கும்போது பிடித்துக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. வண்டிக்கு இரண்டு கட்டை, கீழேயிருந்தே கொண்டு போகணும், அங்கே போய்க் கல் பொறுக்க வேண்டாம். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

காலையில் உறைபனி இருக்கலாம். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும், துணியால் துடைங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் கோர்த்திருக்கும், துடைத்துவிட்டுச் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணுங்க. டைனமோ வண்டி ஐடிலில் சார்ஜ் ஏறாது. முதல் நாள் மூடுபனியில் ஹெட்லைட், வைப்பர் போட்டு ஊர்ந்து வந்திருந்தால் பேட்டரி இளைத்திருக்கும். செல்ஃபை 5 வினாடிக்கு மேல் சுற்றாதீங்க.

ஞாயிறு காலை விடுதி வாசலிலேயே, நகர்வதற்கு முன்னாடி, 12 பேரும் பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கணும். பெடல் மெல்ல உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்குப் பிளாட்பெட். ஓனர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.