ஆரல்வாய்மொழிக் கோட்டை ஒரே காலையில விழுந்தது எப்படி?

பார்வதிபுரம் அம்மா:
போன வாரம் திருநெல்வேலிக்கு பஸ்ஸில போனோம். ஆறாங்கிளாஸ் படிக்கிற என் பையன் முப்பந்தல்ல காற்றாலைகளை எண்ணிக்கிட்டே வந்தான். பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர், "இந்தக் கணவாயை அடைச்சு திருவிதாங்கூர் கோட்டை நின்னுச்சு தம்பி. வெள்ளைக்காரன் ஒரே காலையில பிடிச்சிட்டான்"னு சொல்லிட்டு பணகுடியில இறங்கிப் போயிட்டார். அப்போ பிடிச்சவன் இன்னும் விடலை. பீரங்கியெல்லாம் இருந்தும் எப்படிம்மா ஒரே காலையில போச்சுங்கிறான். தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

வடசேரி வாசகன்:
அது நெடுங்கோட்டைதானே? திப்பு சுல்தான் உடைச்சது.

தோவாளை பழைய சர்வேயர்:
இல்ல தம்பி. நெடுங்கோட்டை வடக்க, திருச்சூர் பக்கம். திப்பு அங்க வந்தது 1789 கடைசியில. ரெண்டையுமே இங்கிலீஷ் புத்தகத்துல 'லைன்ஸ்'னு எழுதுனதால எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஆரல்வாய்மொழி சண்டை 1809. எதிரியும் திப்பு இல்ல, கும்பினிப் படை, அதாவது வெள்ளைக்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனி.

நான் நில அளவையில முப்பத்தொரு வருசம் சங்கிலி இழுத்தவன். அதனால இடத்தைத்தான் முதல்ல பாப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெக்க வந்து முடியுற இடத்துல ஒரு வாசல் விட்ட மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் கணவாய். கிழக்க பாண்டி நாடு, மேற்க நாஞ்சில் நாட்டு வயல். எங்க பாட்டா காலத்துல அங்க சௌக்கை, அதாவது சுங்கச்சாவடி இருந்தது. துணிமூட்டையை அவுத்துக் காட்டாம இந்தப் பக்கம் வரமுடியாதும்பார். கிறிஸ்தவரா மாறின தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14-ல சுட்டதும் இங்கதான், காற்றாடி மலையில. அவரை நாடுகடத்திக் கொண்டுவந்து விட்ட எல்லையே இதுதான்.

கோட்டைன்னதும் பத்மநாபபுரம் மாதிரி நாலு பக்கமும் சுத்தி வளைச்ச மதிலை நினைக்கக் கூடாது. இது குறுக்குச் சுவர். ரெண்டு மைல் நீளம் இருக்கும். நடுநடுவே சின்னச் சின்னக் கொத்தளம், ரோடு நுழையுற இடத்துல பெரிய வாசல், அதுக்கு ரெண்டு பக்கமும் வட்டமான பெரிய கொத்தளம், மேல பீரங்கி. குளச்சல்ல 1741-ல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு நம்ம ராஜாகிட்டயே வேலைக்குச் சேர்ந்தாரில்லையா, அவர் பலப்படுத்துன வேலைகள்ல இதுவும் ஒண்ணு. கடற்கரையில வட்டக்கோட்டையும் அவர் கைவேலைதான்.

இப்ப பையன் கேள்விக்கு வாறேன். பீரங்கி பார்த்தது கிழக்க, ரோட்டை. சுவரோட ரெண்டு முனையும் போய் முட்டுனது மலையிலயும் காட்டுலயும். அதுல எவன் ஏறப்போறான்னு விட்டுட்டாங்க. கர்னல் செயின்ட் லெகர் படை பாளையங்கோட்டை வழியா பிப்ரவரி முதல் வாரம் வந்து சுவருக்கு எதிர்ல கூடாரம் அடிச்சது. நேரா மோதுனா பீரங்கிக்கு இரைதான். மேஜர் வெல்ஷ்ங்கிறவர் சிப்பாய்களைக் கூட்டிக்கிட்டு ராத்திரியில தெக்கு மலையில ஏறினார். பாறையும் முள்ளுமா மணிக்கணக்கா ஏறி, பிப்ரவரி 10 விடியும்போது உச்சியில இருந்த காவலை மேல இருந்தே அடிச்சு இறங்கிட்டாங்க. மேடு கையில வந்தபிறகு கீழ ரெண்டு மைல் சுவர் இருந்து என்ன பிரயோஜனம்? பக்கவாட்டுலயும் முதுகுலயும் குண்டு வந்தா முன்னால பார்த்த பீரங்கியைத் திருப்பவா முடியும்? அன்னைக்கே மொத்த வரிசையும் போச்சு.

அந்த வெல்ஷ் யார் தெரியுமா? சிவகங்கைச் சின்ன மருதுகிட்ட ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கிட்டதா தானே எழுதி வச்சிருக்கிற அதே ஆள். நம்ம ஊர் மலையும் முள்ளும் அவருக்குப் புதுசில்ல.

பார்வதிபுரம் அம்மா:
ரொம்ப நன்றி சார். பையனுக்கு அட்டையில மலை செஞ்சு காட்டினேன், புரிஞ்சுது. ஆனா அடுத்த கேள்வி ரெடி: இந்தச் சுவர் போனா என்ன, உள்ள உதயகிரி இருந்துச்சே, அங்க ஏன் நிக்கலை?

தக்கலை ஆள்:
அக்கா, எங்க ஊர்க் கோட்டையைப் பத்தி நானே சொல்லிருதேன். நிக்கவே இல்ல. நாகர்கோவில் பக்கம் இன்னொரு தடவை மோதிப் பார்த்தாங்க, அதுவும் தோத்துச்சு. அதுக்கப்புறம் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டை இல்லாமலே கைமாறிருச்சு, அதே பிப்ரவரியில. உதயகிரிக்குள்ள பீரங்கி வார்க்கிற உலையே இருந்தது. பெரிய பித்தளைப் பீரங்கி ஒண்ணை வெள்ளைக்காரன் யானை கட்டி, ஆயிரத்துக்கு மேல ஆள் விட்டு இழுத்தும் கொண்டுபோக முடியலையாம். இரும்பும் பித்தளையும் இருந்துச்சு, மனசு விட்டுப்போச்சு. டிலனாய் கல்லறை இப்பவும் உள்ள இருக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து. பையனைக் கூட்டிட்டு வாங்க.

தோவாளை பழைய சர்வேயர்:
தம்பி சொன்னது சரி. மனசு விட்டுப்போனதுக்குக் காரணம் அஞ்சு வருசம் முன்னாலயே இருக்கு. அப்போ திருவிதாங்கூர் தளவாயா, அதாவது முதல் மந்திரியா இருந்த வேலுத்தம்பி நம்ம தலக்குளத்துக்காரர். அவர்தான் 1804-ல பட்டாளத்துப் படியைக் குறைக்கப் பார்த்தார்; நாயர் படை கலகம் பண்ணிச்சு. 1805-ல கும்பினியோட உடன்படிக்கை போட்டதும் அவர் காலத்துலதான். வருசக் கப்பம் 8 லட்சம் ரூபாயாச்சு. அது பாக்கி விழுந்து, கும்பினியோட பிரதிநிதி ரெசிடென்ட் மெக்காலே கழுத்தை நெரிச்ச பிறகுதான் தளவாய் கும்பினியை எதிர்த்துத் திரும்பி நின்னார். 1809 ஜனவரி 11-ல குண்டறையில, கும்பினியை எதிர்த்து எழுங்கன்னு ஜனங்களுக்கு விளம்பரம் போட்டார். சரியா முப்பதாம் நாள் ஆரல்வாய்மொழி போயிருச்சு. சம்பளத்துல கை வச்சவர் கூப்பிட்டா சிப்பாய் எவ்வளவு தூரம் வருவான்? இதை எங்க ஊர்ல சொன்னா சில பேருக்குக் கோவம் வரும். நான் அவரைக் குறைச்சுப் பேசலை. பிடிகொடுக்காம மண்ணடிக் கோயில்ல உயிரை விட்ட மனுசன். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்லா.

பையன்கிட்ட ஒண்ணு சொல்லுங்கம்மா. திருநெல்வேலியில இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிக்கச் சொல்லுங்க. வெல்ஷ் வந்த திசை அதுதான்; தெக்கு மலை அந்தப் பக்கம் தெரியும். காற்றாலையை எண்ணுறதை விட்டுட்டு, ராத்திரியில எந்தப் பாறை வழியா ஏறலாம்னு அவனே ஒரு வழி பார்க்கட்டும். ஆடி மாசம்னா கண்ணாடியை ஏத்தி வச்சிடுங்க, காத்து மண்ணை அள்ளிக் கண்ணுல போட்டுரும்.