16 வயது தாண்டினால் பெரியவர்கள் கோர்ட்டா? சும்மா அடித்து விடாதீர்கள்

வடசேரி வாசி:
நேற்று இங்கே மேற்குமலை என்ற பெயரில் எழுதுகிறவர் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தக்கலைப் பக்கம் பைக்கில் வந்து செயின் பறித்ததாக 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள் என்று ஒருவர் போட்டதற்கு, "16 தாண்டியாச்சு, இனி பெரியவர்கள் கோர்ட்தான், பாளையங்கோட்டை ஜெயில்தான்" என்கிறார். அதற்குக் கைதட்ட ஆள் வேறு. 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 16 என்ற எண் இருக்கிறது. ஆனால் அது கொடுங்குற்றத்துக்கு மட்டும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றிருக்கிற கொலை போன்ற குற்றங்கள். செயின் பறிப்பு, பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆம் பிரிவு. அதற்கு அதிகபட்சமே 3 ஆண்டுதான். அந்தப் பையன் வழக்கு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் தொடங்கி அங்கேயே முடியும்.

மேற்குமலை:
16 இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதைத்தான். பிறகு எதற்கு இவ்வளவு நீளம்? மலையோரத்துக்காரன் எழுதினால் நாகர்கோவில்காரர்களுக்கு எப்போதும் இளக்காரம்தான். நாலுவழிச் சாலை விவாதத்திலும் இதே பேச்சுதான் பேசினீர்கள்.

வடசேரி வாசி:
நாலுவழிச் சாலையை இங்கே இழுக்காதீர்கள். 16 மட்டும் போதாது, 7 ஆண்டு வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கிற 15-ஆம் பிரிவுக்கே வேலை. அப்போதும் வழக்கு நேராகப் போய்விடாது. பையனின் மனநிலை, உடல்நிலை, செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று குழுமம் முதலில் பார்க்க வேண்டும். அதன்பிறகு அனுப்பினாலும் போவது குழந்தைகள் நீதிமன்றத்துக்கு. அங்கே இன்னொரு தடவை யோசிப்பார்கள். தண்டனை வந்தால்கூட 21 வயது வரை ஜெயில் கிடையாது, பாதுகாப்பு இடத்தில்தான் வைக்க வேண்டும். தூக்கும் கிடையாது.

குளச்சல் அலை:
பிரிவு நம்பரை எல்லாம் ஓரமாக வையுங்கள். எங்க மைனி சாயங்காலம் ஜெபம் முடிந்து நடந்து வரும்போது இரண்டு பையன்கள் பைக்கில் வந்து செயினை இழுத்தார்கள். ரோட்டில் விழுந்து முழங்கை தெறித்துவிட்டது. செயின் அறுத்த தடம் பின்கழுத்தில் காதுக்குக் கீழே இருந்து தோள் வரை இன்னும் தெரிகிறது. சேலைத் தலைப்பை இழுத்து மூடாமல் வெளியே போவதில்லை. இதைச் சின்னக் குற்றம் என்கிறதா உங்கள் சட்டம்?

வடசேரி வாசி:
அக்கா, உங்கள் மைனிக்கு நடந்தது வெறும் பறிப்பு இல்லை. காயம் பட்டிருந்தால் அது வழிப்பறி, 309-ஆம் பிரிவு. ஆயுளோ 10 ஆண்டு வரையோ போடலாம். நீங்கள் கொடுத்த புகாரில் காயத்தை எழுதினார்களா என்று முதலில் பாருங்கள். ஆனால் எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் இல்லாவிட்டால் அதிலும் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று இல்லை. அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குறைந்தபட்சம் 7 இல்லாவிட்டால் அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021-இல் சட்டத்தையும் அப்படியே திருத்தினார்கள்.

மேற்குமலை:
டெல்லியில் 2012-இல் பஸ்ஸில் நிர்பயாவுக்கு நடந்ததை மறந்தாச்சா? அதில் ஒருவன் 17 வயது என்று சொல்லி மூன்று வருடத்தில் வெளியே வந்தான். நாடே கொதித்துத்தானே 16 என்று மாற்றினார்கள்? 16 என்றால் 16தான்.

வடசேரி வாசி:
அந்தக் கோபத்தில் வந்த சட்டத்தில்கூட 7 ஆண்டு என்ற வேலியைப் போட்டுத்தான் வைத்தார்கள். 16-ஐ மட்டும் பிய்த்து எடுத்து வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
நான் ஸ்டேஷனில் இருந்தவன். இவர்கள் சொல்லும் வயதை எல்லாம் நம்பக் கூடாது. ஆதாரில் 19 இருக்கும், பிடிபட்டதும் பள்ளிக்கூட டிசியைக் கொண்டுவந்து 17 என்பார்கள். எலும்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும்.

வடசேரி வாசி:
ஏட்டையா, சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் வரிசையே இருக்கிறது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு. எலும்புப் பரிசோதனையில் இரண்டு வருடம் முன்பின் வரும். ஆதார் வயதுக்குச் சான்றே இல்லை. இன்னொன்று, சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. வழக்கு எடுக்கும்போது 18 முடிந்திருந்தாலும் குழுமம்தான். 2005-இல் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்த விஷயம் இது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
எனக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம் தம்பி. புத்தகம் வேறு, ரோடு வேறு.

வடசேரி வாசி:
ரோட்டுக்கும் சேர்த்துத்தான் சட்டம் எழுதியிருக்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. நேற்று அந்தப் பையன் படத்தைப் போட்டவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மேற்குமலை அதை நீக்கினாரா?

மேற்குமலை:
முகத்தை மறைத்துத்தான் போட்டேன்.

திருவட்டார் தம்பி:
ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் தெளிவாகத் தெரிந்தது அண்ணாச்சி.

மேற்குமலை:
நீ யாருக்குப் பரிந்து பேசுகிறாய் என்று தெரியும். போன ஓணத்துக்குப் படகுப் போட்டிப் படத்தை நான் எடுத்ததில்லை என்று சொன்னதும் நீதானே?

திருவட்டார் தம்பி:
அது வேறு விஷயம். ஆனால் அது உங்கள் படம் இல்லை. இப்போதும் சொல்கிறேன். அப்புறம், அந்தப் பைக் யாருடையது? மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யில் சின்னப் பையனிடம் வண்டி கொடுத்த ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று இருக்கிறது. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. அந்த அப்பாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

ஓய்வுபெற்ற ஏட்டு:
அதைச் சொல்லுங்கள். மார்த்தாண்டம் பாலத்தில் நின்று பார்த்தால் பள்ளிக்கூடச் சட்டையோடு எத்தனை பேர் போகிறான்.

வடசேரி வாசி:
வண்டி விஷயம் தனி வழக்கு, போடட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 16 மட்டும் போதும் என்று எந்தப் பிரிவில் இருக்கிறது? மேற்குமலை இன்னும் காட்டவில்லை. இதைப் படிக்கிற யாராவது அந்தப் பையன் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் சொல்லுங்கள்: ஜாமீன் சிறார் நீதிச் சட்டம் 12-ஆம் பிரிவில் கேட்கலாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கிற நெல்லை கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியிருந்தால் அம்மா அப்பா போய்ப் பார்க்கலாம்.

குளச்சல் அலை:
பையனுக்கு இலவச வக்கீல். எங்க மைனிக்கு?

வடசேரி வாசி:
பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்தான் அக்கா. அதே ஆபீஸ்.

குளச்சல் அலை:
அவளுக்கு வக்கீல் வேண்டாம், செயின் வேண்டும். அது கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
செயின் மீட்கப்பட்டால் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம் அம்மா. நகைக்கடை ரசீதை எடுத்து வையுங்கள்.

மேற்குமலை:
எல்லோரும் பேசிவிட்டீர்களா? சட்டத்தில் 16 இருக்கிறது. அதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை.

வடசேரி வாசி:
பிரிவைக் காட்டுங்கள்.