ரெப், செட், ஃபெயிலியர் – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஜிம்முக்குப் புதிதாக வருவோருக்கான பயிற்சி அட்டை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். மூலத்தில் 'பெஞ்ச் பிரஸ் 3×10' என்றிருக்கிறது (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சி). எடையை ஒருதரம் ஏற்றி இறக்கினால் ஒரு ரெப். நிறுத்தாமல் பத்து ரெப் செய்தால் ஒரு செட். ஒன்றரை நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று செட். பழைய பதிப்பில் இரண்டுக்குமே 'முறை' என்று போட்டிருக்கிறார்கள். '3 முறை, 10 முறை' என்பதைப் படித்துவிட்டு ஒருவர் மூன்று மூன்றாகப் பத்துத் தரம் தூக்கினாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி வரி அதைவிடக் கொடுமை: 'தோல்வி வரை செய்க'. மூன்று சொல்லுக்கும் வழி சொல்லுங்கள்.

ந.

---

ரெப்புக்கு 'மடக்கு'. மடக்கணியில் வந்த சொல்லே திரும்ப வருகிறதல்லவா? கை கால் மடங்குவதும் அதே வேர். மடி, மடங்கு, மடல் எல்லாம் வளைதற் கருத்தில் கிளைத்தவையே. செட்டுக்கு 'அடுக்கு'. பத்து மடக்கு ஓர் அடுக்கு. ஓசை எப்படி?

மு.

---

> பத்து மடக்கு ஓர் அடுக்கு

ஐயா, மடக்கில் சொல் ஒன்றாக வந்தாலும் பொருள் வேறாக வேண்டும். ரெப்பில் அது ஆகாது. பத்தாவதும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். பத்தாவதில் முதுகு வளைந்து வேறு பொருள் தந்தால் காயம்தான். போகட்டும், அடுக்குத்தொடர் என்று கொள்வோமா? நன்னூலார் இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லை கட்டிவிட்டார். பன்னிரண்டு ரெப் எங்கே போகும்? தவிர, '10 மடக்கு' என்று அச்சிட்டால் தண்ணீர் குடிக்கச் சொல்வதாக நினைப்பார்கள்.

செட்டுக்கு 'ஈடு' நல்ல சொல். ஒரே தடவையில் வேகவைத்து எடுப்பதை ஓர் ஈடு, இரண்டு ஈடு என்கிறோமே, அதே கணக்கு.

செ.

---

ஈடு என்றால் திருவாய்மொழி உரையும் வரும், அடமானமும் வரும். மடக்குக்குத் தண்ணீர் தடையானால் ஈட்டுக்கு வட்டி தடையாகாதா?

மு.

---

ரெப்புக்கு 'தடவை' போதும். செட்டைச் 'சுற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சர்க்யூட் பயிற்சியில் ஐந்தாறு கருவிகளை வரிசையாகச் செய்து முடிப்பதுதான் ஒரு சுற்று.

ஃபெயிலியர் என்பது வடிவம் கெடாமல் இன்னொரு தடவை தூக்கவே முடியாத நிலை. 'இயன்றவரை' அதற்கு ஆகாது. ஒருவர் ஐந்திலேயே வைத்துவிடுவார். இன்னொருவர் இடுப்பைத் தூக்கிக்கொண்டு பதினைந்துக்குப் போவார். புதியவருக்கு அந்த எல்லையே வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று தடவை வரும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். அந்த மிச்சத்தைக் 'கையிருப்பு' என்போம். 'கையிருப்பு 2' என்று அட்டையில் போடுங்கள். மூன்று செட்டிலும் 12 தடவை ஒழுங்காக வந்து, கையிருப்பும் மிஞ்சினால், பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றலாம்.

சொல்லைவிட அவசரமானது ஒன்று. 'எடை 30 கிலோ' என்றால் தட்டுகளை மாட்டும் கம்பியான பாரையும் சேர்த்தா? ஒலிம்பிக் பார் மட்டுமே 20 கிலோ. பக்கத்துக்கு ஒரு 5 கிலோ தட்டு மாட்டினால் 30 ஆயிற்று. தட்டு மட்டும் 30 என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் நெஞ்சுக்கு மேல் 50 கிலோ நிற்கும். 'பார் உட்பட' என்று சேருங்கள்.

கா.

---

கையிருப்பு பிரமாதம். எக்சென்ட்ரிக்கை, அதாவது தசை நீண்டபடியே எடையை மெதுவாக விடும் பகுதியை, 'இறக்கம் 3 விநாடி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

ந.

---

பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் ஸ்குவாட்டுக்கும் சரி. மேலிருக்கும் கைப்பிடியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுனில் கவிழ்ந்துவிடும். அங்கே கைப்பிடி கீழே வரும்போதுதான் தசை சுருங்குகிறது. மெதுவாக விட வேண்டியது அது மேலே போகும்போது. 'நீட்சி' என்றால் ஸ்ட்ரெச்சிங்கோடு குழம்பும். 'இழு 1, விடு 3' என்று போட்டால் யாருக்கும் புரியும். அந்த விடும் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பதற்காகத்தான் விநாடிக் கணக்கே. முதல் வாரம் அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டவும் வேண்டாம்; பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் வரும் தசைவலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கா.

---

'விடு' ஏவல். கலைச்சொல் பெயராக அல்லவா இருக்க வேண்டும்? 'விடுகை' என்க.

மு.

---

நேரமாகிவிட்டது. தடவை, செட், கையிருப்பு, விடுகை. 'தோல்வி' வரியையே எடுத்துவிட்டேன். எடைக்குப் பக்கத்தில் 'பார் உட்பட' சேர்த்தாயிற்று. ஈடு பிடித்திருந்தது, ஆனால் விளக்கம் எழுத அட்டையில் இடமில்லை.

ந.

---

ரகரம் மொழிக்கு முதலில் வராது என்பதால் ரெப் போனதில் மகிழ்ச்சி. டகர ஒற்று மட்டும் இறுதியில் நிற்கலாமா? 'செட்டு' என்றாவது உகரம் கொடுங்கள்.

மு.