படத்துல செத்தவன் வீட்டுக்கு யாரு போன் பண்றது?

தொப்பூர் கிரேன்காரன்:
எனக்கு ஊரு நல்லம்பள்ளி பக்கம். தொப்பூர் கணவாய்ல ரெக்கவரி கிரேன் ஓட்டறேன், பதினோரு வருசம் ஆச்சு. டீசல் மிச்சம்னு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுட்டு வர்ற லாரிங்கதான் நமக்குச் சோறு போடுது, சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு. ரத்தத்தைப் பார்த்து மயக்கம் போடற ஆள் இல்லன்னு தெரியத்தான் இதைச் சொல்றேன்.

ரெண்டு வாரம் முன்ன ஞாயித்துக்கிழமை தர்மபுரியில ஒரு பெரிய ஹீரோ படத்துக்குப் பையனைக் கூட்டிட்டுப் போனேன். நாலாங்கிளாஸ் படிக்கறான். படம் பேரு வேணாம், சொன்னா ரசிகருங்க வந்து பேச்சை வேற பக்கம் இழுத்துடுவாங்க. யுஏ 16+. டிக்கெட் கிழிக்கறவரு பையனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, உள்ள விட்டுட்டாரு. இன்டர்வெலுக்கு முன்ன ஹீரோ ஒரு குடோனுக்குள்ள போறாரு. பக்கத்துல இவன் மெதுவா எண்ணிட்டு இருக்கான், "பதினேழு, பதினெட்டு"ன்னு. ஒரு தலை தனியா உருண்டப்ப தியேட்டரே அதிருது. பொய் சொல்லக்கூடாது, நானும் விசில் அடிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் தோசைக் கரண்டியை எடுத்துட்டு அவங்க ஆயாகிட்ட செஞ்சு காமிக்கறான். தலகாணிதான் வில்லன். "இருபத்தி ஆறு பேரு ஆயா"ங்கறான். கிழவி கேட்டுச்சு, "யாருடா அவுங்கல்லாம்?" அவனுக்குச் சொல்லத் தெரியல. யோசிச்சுப் பார்த்தா எனக்கும் தெரியல. பேரே இல்ல அவனுங்களுக்கு.

எங்க ரோட்டுல ஒருத்தன் செத்தா வண்டியைத் தூக்கறதுகூட ஒரு மணி நேர வேலைதான். கஷ்டம் அந்த போன்தான். பாக்கெட்ல இருந்து எடுத்து கைமாத்தி கைமாத்தி கடைசில என்கிட்ட வரும், "நீயே சொல்லிடுய்யா"ன்னு. யாருக்கும் நேரா சொல்ல வாய் வராது. "கொஞ்சம் அடிபட்டிருக்கு, கிளம்பி வாங்க"ம்போம். போன வருசம் ஒரு லாரி டிரைவரு சம்சாரம் எடுத்துச்சு. நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "அவரு சாப்பிட்டாருங்களா?"ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டாருங்கன்னு சொன்னேன்.

அந்த குடோன்ல கிடந்த இருபத்தி ஆறு பேருக்கும் அப்படி ஒரு போன் அடிச்சிருக்கணுமே. இப்ப வர்ற படத்துல வெட்டு குத்து ரொம்ப மிஞ்சிப் போச்சா, இல்ல எனக்குத்தான் தொழில் புத்தி சினிமாக் கொட்டாய் வரைக்கும் வருதா?

அரூர் ஆப்பரேட்டர்:
அண்ணே, நான் பிலிம் பெட்டி காலத்துல இருந்து ஆப்பரேட்டர். இப்ப பட்டன் தட்டற வேலைதானே, அதனால கேட்லயும் என்னையே நிக்க வைக்கறாங்க.

மிஞ்சித்தான் போச்சு. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, நிறைய பேரு மறந்துட்டாங்க. 2011-ல இருந்து இங்க தமிழ்ப் பேரு வெச்சா மட்டும் பத்தாது, யு சர்டிபிகேட்டும் இருந்தாத்தான் கேளிக்கை வரி விலக்கு. வரின்னா 30 சதவீதம் வரைக்கும் போகும். அதுக்காகவே சென்சார்ல "இங்க ரத்தத்தைக் குறை, அங்க ரெண்டு ஷாட்டைத் தூக்கு"ன்னா மறுபேச்சு இல்லாம தூக்கினாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்துச்சு, அந்த விலக்கு போச்சு, யு மேல இருந்த ஆசையும் பாதி போச்சு. இப்ப ஒரே படத்தை அஞ்சு மொழியில விக்கறாங்க. நம்மூர் நக்கல் ஆந்திரா தாண்டினா எடுபடாது. வெட்டுக்கு டப்பிங் வேண்டியதில்ல பாருங்க.

உங்க டிக்கெட்காரரைக் குறை சொல்லாதீங்க. யுஏவை 7, 13, 16ன்னு மூணாப் பிரிச்சது 2023 சட்டத் திருத்தத்துல. அது பெத்தவங்களுக்குச் சொல்ற எச்சரிக்கை. அப்பா கூட வர்ற பையனை நாங்க தடுக்க முடியாது. ஏ-ன்னாத்தான் பதினெட்டுக்குக் கீழ ஆளே விடக்கூடாது. 2025-ல கூலிக்கு ஏ வந்தப்ப கேட்ல நான் பட்ட பாடு! புதுச்சட்டை போட்டுட்டு வந்த பிள்ளைங்க, "ரஜினி படத்துக்கு எதுக்கு சார் ஏ"ன்னு சண்டைக்கு நிக்கற அப்பாங்க. எத்தனை குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன்னு கணக்கே இல்ல. ஒரு பாப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு, நான்தான் வில்லன் போல.

ஓசூர் நைட் ஷிப்ட்:
அட விடுங்கண்ணா. கத்திச் சண்டை இல்லாத காலம்னு ஒண்ணு இருந்துச்சா? எங்க தாத்தா காலத்துலயும் ஒரே ஆளு பத்துப் பேரை அடிச்சாரு, அப்பவும் யாரும் பேரு கேக்கல. நான் கம்பெனியில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே வேலை பார்க்கறேன். சூப்பர்வைசர் எல்லாரு முன்னாடியும் கேவலமாத் திட்டுவான், கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். சம்பளம் வந்த வாரம் எவனோ ஒருத்தன் திருப்பி அடிக்கறதைப் பார்க்கத்தான் தியேட்டருக்கே போறேன். வெளிய வந்ததும் நான் யாரையும் வெட்டல, டீ குடிச்சிட்டு ரூமுக்குப் போய்த் தூங்கறேன். நாலாங்கிளாஸ் பையனை 16+ படத்துக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

பாலக்கோட்டான்:
ஓசூர் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. ரத்தம் நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எங்கப்பா பாரதக் கூத்துல பீமன் வேசம் கட்டினவரு. பதினெட்டாம் போர் அன்னைக்கு ராத்திரி முழுக்க ஆடி முடிச்சு, விடிஞ்சதும் படுகளம். துரியோதனனை மண்ணுல பெருசாப் படுக்க வெச்சிருப்பாங்க, ஒரு வீட்டு நீளத்துக்கு. தொடையில அப்பா அடிக்கற அடியில உள்ள பொதைச்ச கலயம் உடையும், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணி செவசெவன்னு பீச்சி அடிக்கும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பா. சின்ன வயசுல அதைப் பார்த்து நானும் கத்திக் கும்மாளம் போட்டவன்தான்.

ஆனா கூத்து அதோட முடியாது. அடுத்து துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாள் வருவா, ஒரு கையில முறம், ஒரு கையில துடைப்பம். செத்துக் கிடக்கற மண்ணு மேல விழுந்து ஒப்பாரி வெப்பா. அவன் எம்மாம் அநியாயக்காரன், சேலையை உருவச் சொன்னவன். அவனுக்கும் அழ ஒருத்தி வர்றா. வர்றவ சும்மா போகமாட்டா, ராத்திரியெல்லாம் வேடிக்கை பார்த்த சனத்தைத் துடைப்பத்தால மொத்திட்டுத்தான் போவா. எங்கம்மால்லாம் முண்டியடிச்சுப் போய் வாங்குவாங்க, அந்த அடி பட்டா நல்லதுன்னு. எங்கப்பா வேசம் கலைக்காம ஓரமாத் தலையைக் குனிஞ்சு நிப்பாரு. ஏன்ப்பான்னு கேட்டேன் ஒருதரம். "அவ அழுது முடிக்கற வரைக்கும் பீமனுக்கு வேற வேலை இல்லடா"ன்னாரு.

உங்கம்மா "யாருடா அவுங்கல்லாம்"னு கேட்டாங்க பாருங்க, அந்தத் துடைப்பம்தான் அது. சினிமாவுல இல்லாமப் போனது இதுதான்னு எனக்குத் தோணுது. ரத்தம் ரெண்டு லிட்டரா நாலு லிட்டரான்னு பேசி என்ன பண்றது?

ஓசூர் நைட் ஷிப்ட்:
அழறதுக்கும் டைம் குடுத்தா படம் மூணரை மணி நேரம் ஓடுமே அண்ணா 😀

அரூர் ஆப்பரேட்டர்:
ஓடட்டும்யா, நாலு ஷோல ஒண்ணு குறையும். என் காலு வலியாச்சும் குறையும்.

தொப்பூர் கிரேன்காரன்:
ஓசூர் தம்பி, கூட்டிட்டுப் போனது என் தப்புதான், ஒத்துக்கறேன். வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னா, உன்னை மாதிரி மரியாதையாச் சொல்லல.

பாலக்கோட்டாரே, நீங்க எழுதினதை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். அவங்க பொறந்த ஊர்லயும் படுகளம் நடக்குமாம். துடைப்பத்தடியைச் சொன்னதும் தோள்பட்டையைத் தடவிக்கிட்டாங்க. உங்க ஊர்ல அடுத்த திருவிழா என்னைக்குன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை போடுங்க. கிரேனுக்கு மாத்து ஆளைப் போட்டுட்டுப் பையனைக் கூட்டிட்டு வரேன், எண்ணிட்டே பார்க்கட்டும். அந்தம்மா துடைப்பத்தோட வர்றப்போ எங்க ரெண்டு பேரையும் முன்னாடி நிக்க வெச்சிடுங்க. விசில் அடிச்சதுக்கு எனக்கு ரெண்டு அடி சேர்த்தே விழட்டும்.