ஆர்டிகே (செயற்கைக்கோள் வழி அளவை) தூரமும் டோட்டல் ஸ்டேஷன் (ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் கருவி) தூரமும் ஒத்துவரவில்லை, 600 மீட்டருக்கு 36 செ.மீ. (பெங்களூரு, ஒயிட்ஃபீல்டு)

முக்காலி: லேஅவுட் ஒன்றில் எல்லைக்கல் நடும் வேலை. 6 மணிநேர ஸ்டேட்டிக்கில் (ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்த பதிவில்) கணக்கிட்ட புள்ளியில் பேஸ் (நிலையான ரிசீவர்). ரோவர் (கையில் எடுத்துச் செல்லும் ரிசீவர்) ஃபிக்ஸ்டு (செ.மீ. துல்லிய நிலை), 18 செயற்கைக்கோள், பிடாப் (செயற்கைக்கோள் அமைவின் தரம், குறைந்தால் நல்லது) 1.6, யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் ஆயமுறை) 43 வடக்கு. இரண்டு கல்லுக்கு நடுவே ரோவர் கணக்கில் 600.57 மீ., டோட்டல் ஸ்டேஷனில் 600.21. உயரமும் இடிக்கிறது: ரோவர் 787, சைட் பெஞ்ச்மார்க் (உயரம் தெரிந்த குறி) 873. எதை நம்புவது?

தூக்குக்குண்டு: பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் உண்டா? சிக்னல் பட்டுத் தெறித்தால் பொய் ஃபிக்ஸ் விழும். ரோவரை அணைத்து, அரை மணி கழித்து மறுபடி எடுங்கள். இன்னும் இரண்டு தூரமும் பாருங்கள்.

முக்காலி: எடுத்தேன் சார், அதே எண்தான். 200 மீட்டரில் 12 செ.மீ., 400இல் 24.

ரசமட்டம்: 12, 24, 36. விடை அதிலேயே இருக்கிறது. தெறிப்புப் பிழை இப்படி வரிசை கட்டி நிற்காது. பிரிசம் மாறிலி (டோட்டல் ஸ்டேஷன் குறிவைக்கும் பிரிசத்துக்கான திருத்தம்) தப்பென்றால் எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு பிசகும். தூரத்தோடு சேர்ந்து வளர்கிறதென்றால் ஸ்கேல், அதாவது தூரத்தைப் பெருக்கும் காரணி.

43ஆம் மண்டலத்தின் மையத் தீர்க்கரேகை 75°. நீங்கள் நிற்பது 77°45' அருகே, மண்டலத்தின் ஓரம். அங்கே கிரிட் தூரம் (தட்டையான வரைபடத் தூரம்) எலிப்சாய்டு (பூமிக்கான கணித வடிவம்) மேல் உள்ள தூரத்தைப் போல 1.000700 மடங்கு. தளம் எலிப்சாய்டுக்கு 787 மீ. மேலே இருப்பதால் 0.000124 கழியும். ஆக 1.000576, அதாவது 600 மீட்டருக்கு 34.6 செ.மீ.

மிச்சம் 1.4 செ.மீ. டோட்டல் ஸ்டேஷன் கணக்கு. காற்றழுத்தம் 1013இலேயே கிடக்கிறதா? ஒயிட்ஃபீல்டில் 912 ஹெக்டோபாஸ்கல் பக்கம்தான். 100 குறைந்தால் சுமார் 28 பிபிஎம் (பத்து லட்சத்தில் 28 பங்கு), 600 மீட்டரை 17 மி.மீ. குறைத்துக் காட்டும்.

இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை, வெவ்வேறு தூரத்தைச் சொல்கின்றன. கல் நட கிரவுண்ட் தூரம் (தரையில் உள்ள தூரம்) வேண்டும். கன்ட்ரோலரில் (ரோவரின் கைக்கணினி) புது டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் (யூடிஎம் வகை வரைபட வீழல்) போடுங்கள்: மையத் தீர்க்கரேகை 77°45', ஸ்கேல் 1.000124, ஃபால்ஸ் ஈஸ்டிங் (கிழக்கு எண்ணோடு கூட்டும் மாறிலி) 50,000 (பார்த்ததுமே யூடிஎம் இல்லை என்று தெரியட்டும்). யூடிஎம் எண்களை எக்செல்லில் வைத்து நேராக 1.000576ஆல் வகுத்துவிடாதீர்கள்; பூஜ்யத்திலிருந்து சுருங்கி நார்த்திங் (வடக்கு எண்) 800 மீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும்.

உயரத்தில் பிழையே இல்லை. ரோவர் காட்டுவது எலிப்சாய்டு உயரம். பெஞ்ச்மார்க் உயரம் ஜியாய்டிலிருந்து (சராசரி கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பு) அளந்தது. பெங்களூரில் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு ஏறக்குறைய 86 மீ. கீழே. இஜிஎம் 2008 (ஜியாய்டு மாதிரி) கோப்பை ஏற்றுங்கள். பிறகும் சில டெசிமீட்டர் நிற்கலாம், அதை பெஞ்ச்மார்க்கில் வைத்துச் சரிசெய்யுங்கள்.

தூக்குக்குண்டு: ஒரே பெஞ்ச்மார்க்கை நம்ப வேண்டாம். சைட்டைச் சுற்றி நான்கு இருந்தால் நல்லது. ஒரே பக்கத்துப் புள்ளிகளை வைத்து கேலிபரேஷன் (உள்ளூர்க் குறிகளோடு பொருத்துவது) செய்தால் தளமே சாய்ந்துவிடும்.

முக்காலி: அழுத்தம் 1013தான் இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது ரோவர் 600.22, டோட்டல் ஸ்டேஷன் 600.23. வரைபடம் யூடிஎம்மில் கேட்கிறார்களே?

ரசமட்டம்: மூலப் பதிவு அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கிறதல்லவா, அதிலிருந்து தனியாக யூடிஎம் ஏற்றுமதி எடுங்கள். நீளங்களுக்குப் பக்கத்தில் 'கிரவுண்ட்' என்று எழுதிவிடுங்கள்.