நீர்-நிலப் பேருந்து: பின்சக்கர ஹப்புக்குள் தண்ணீர்

இடம் ஜெர்மனியின் ஹம்பர்க், எல்பே ஆறு. வண்டி, லாரி சேசிஸ் மேல் படகு உடல் கட்டியது. கோடை தொடங்கியதிலிருந்து பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஆயில் தண்ணீர் கலந்து பால் நிறமாகிறது; முன் ஹப் சுத்தம்.

தார்ச்சாலையில் சூடேறிய ஹப் ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. ஹப் மையம் நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே, அதாவது வெளியே 0.1 பார் கூடுதல். சாதாரண சீலின் உதடு உள்ளிருக்கும் ஆயிலைத்தான் தடுக்கும், வெளியழுத்தத்தை அல்ல. போதாததற்கு எல்பேயின் வண்டல் உதட்டை அரிக்கிறது.

பிரீதர் குழாயை (ஹப்புக்குள் காற்று போய்வரும் குழாய்) நீர்க்கோட்டுக்கு மேலே ஏற்றினோம், தேய்ந்த ஸ்பிண்டிலில் (சக்கரம் சுழலும் அச்சுமுனை) ஸ்லீவ் என்ற உறை போட்டோம், சாதாரண சீலுக்குப் பதில் கேசட் சீலும் (பல உதடுகள் ஒரே கூட்டுக்குள் அடங்கிய சீல்) போட்டோம். சரிவில் இறங்குமுன் ஆறவிட்டால் குறைகிறது; ஆனால் கால அட்டவணைச் சேவையில் அதற்கு ஏது நேரம்?

பிரீதர் வழியாக 0.2 பார் காற்று தொடர்ந்து கொடுத்தால் கேசட் சீல் தாங்குமா, இல்லை உதடுகளை எதிரெதிராக வைத்து இரட்டைச் சீல்தான் போட வேண்டுமா?